பிரேக்கில் பிழை இல்லை

அலவத்துகொட,
ஷவ்வால் பிறை 23, ஞாயிறு காலை.

அன்பு மகள் ரிப்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்ட ரஹ்மத்தால இங்க நாங்க மூணு பேரும் சுகம், நீயும் மருமகன் அஸ்ஃபரும் மெல்பர்ன்ல ஒரு குறையும் இல்லாம இருக்கணும் என்று ஒவ்வொரு தொழுகையிலயும் கேட்கிறேன். உம்மாட முழங்கால் வலி முந்தின மாதிரித்தான், நீ அனுப்பின களிம்பைப் பூசிட்டு உடனே படி ஏறி இறங்குறா, சொன்னாக் கேக்கிற ஆளா அவ. உன்ட தம்பி ஆகிப் இருக்கிறானே, படிக்கிறேன் என்று புத்தகத்தைத் திறந்து வச்சிட்டு போனைத்தான் பார்க்கிறான், அடுத்த முறை பேசும்போது நீயே ரெண்டு வார்த்தை சொல்லு. பின்னேரத்தில மழை பெய்யுது, பின்பக்கத்து மண் கொஞ்சம் சரிஞ்சது, பயப்படும்படி ஒண்டும் இல்லை. எல்லாம் போன் கோல்ல பேசுற விஷயம்தானே, வாப்பா என்னத்துக்குக் கடதாசி எழுதுறார் என்று நினைப்பாய். கோல் எடுத்தா உம்மா பக்கத்தில வந்து உட்கார்ந்திடுவா, அவ இருக்கும்போது சொல்ல ஏலாத விஷயம் ஒண்டு இருக்குது. எழுதி முடிச்சு ஒவ்வொரு பக்கமா நானே படம் எடுத்து உனக்கு அனுப்புறேன்.

போன கிழமை நீ நம்மட ஸ்கூல் வேன் ஏன் இன்னும் மூடிக் கிடக்குது என்று கேட்டாய், வண்டி ஓடத் தகுதி என்று தர்ற பிட்னஸ் பேப்பர் எடுக்கல்ல, அதனால ஓட்டுறதில்லை என்று சொன்னேன். அது பாதி உண்மை. நோன்பில நடந்த எக்சிடன்டுக்கு பிரேக் பிடிக்காததுதான் காரணம் என்று உனக்கும் உம்மாவுக்கும் ஊருக்கும் சொன்னேனே, அது முழுப் பொய். பிரேக் பிடிக்கும். நான் மிதிக்கல்ல. அந்த நேரம் எனக்கு நினைவு தப்பியிருந்தது. இதை எழுதும்போது அழுகை வரும் என்று நினைச்சேன், வரல்ல. கால் மரத்துப் போனா கிள்ளினாலும் தெரியாதே, ஒரு மாசமா அப்படித்தான் இருக்கிறேன், சாப்பிடுறேன், தொழுறேன், பத்திரிகை பார்க்கிறேன், ஒண்டும் உள்ளுக்குப் போறதில்லை.

நோன்பு பிடிக்க மாட்டேன் என்று உனக்கு வாக்குத் தந்தேன். இரத்தத்தில சீனி கூடுற வருத்தத்துக்குக் குளிசை போடுற ஆளுக்கு நோன்பு கடமை இல்லை, ஏழைக்குச் சாப்பாடு கொடுத்தாப் போதும் என்று பள்ளி மௌலவியும் சொன்னார், டொக்டரும் சொன்னார். முதல் ரெண்டு நாள் பிடிக்கவும் இல்லை. மூணாவது நாள் பாரூக்ட மகள் ஸனா, அதான் அக்குறணையில ஹாட்வெயர் கடை வச்சிருக்கிற பாரூக், அந்தப் பிள்ளை எப்பவும் முன் சீட்டில என் பக்கத்திலதான் இருப்பா, ஒன்பது வயசு, முதல் முதலா நோன்பு பிடிச்சிருந்தா. கண்டி டவுன் ஸ்கூல்களுக்கு நோன்பு லீவு இல்லைதானே, வெயில்ல வாடி வதங்கி வந்து ஏறி, அங்கிள் நீங்களும் நோன்பா என்று கேட்டா. நான் ஓம் என்று சொல்லிட்டேன். சின்னப் பிள்ளை பசியோட இருக்க அறுபதை நெருங்கின கிழவன் பிஸ்கட் தின்னிட்டு வந்தேன் என்று எப்படிச் சொல்றது. சொன்ன பொய்யை உண்மையாக்க அடுத்த நாள் விடிய முந்தி சஹருக்கு எழும்பிட்டேன், உம்மா சந்தோஷமா சோறு போட்டா, உங்களுக்கு ஏலுமா என்று ஒரு தரம் கேட்டா, ஏலும் என்றேன். சஹருக்குச் சாப்பிட்டிட்டு வழக்கம்போல குளிசையும் போட்டுட்டேன். சீனி திடீரென்று இறங்கினாத் தின்ன, கட்டாயம் வண்டியில இருக்கணும் என்று நீ சொன்ன குளுக்கோஸ் பிஸ்கட் பக்கட் கண்ணாடிக்குக் கீழ உடைக்காமலே கிடந்தது.

பதினாலாம் நோன்பு அன்று பின்னேரம் ரெண்டு மணி இருக்கும். அரைவாசிக்கு மேல பிள்ளைகளை இறக்கிட்டேன், நாலு பேர்தான் மிச்சம். அக்குறணை தாண்டி நம்மட பக்கத்துக்கு ஏறும்போது கை வேர்த்தது, றோட்டு ரெண்டாத் தெரிஞ்சது, அதுக்குப் பிறகு எனக்குத் தெரியாது. வேன் றோட்டோரத் தண்ணிக் கானுக்கு மேலால போய் ஒரு மதிலில முட்டி நின்றிருக்குது. மெதுவாத்தான் வந்தேன், அல்லாஹ் காப்பாத்தினான், மத்த மூணு பேருக்கும் ஒரு கீறலும் இல்லை. ஸனாவுக்கு வலது கை மணிக்கட்டு உடைஞ்சது. ஆக்கள் ஓடி வந்தாங்க, யாரோ ஒரு தம்பி கதவைத் திறந்து, என்ன முனாப் நானா, பிரேக்கா என்று கேட்டார். நான் தலையை ஆட்டினேன். அவ்வளவுதான் நான் செய்தது, வாயால ஒரு வார்த்தையும் சொல்லல்ல. தண்ணி தந்தாங்க, நோன்பு என்று வேணாம் என்றேன், இந்த நிலைமையிலயும் மனுசன் நோன்பை விடல்ல பாருங்க என்று ஆக்கள் பேசிக்கொண்டாங்க. அரை மணித்தியாலத்துக்குப் பிறகு, ஸனாவைக் கொண்டு போன ஆஸ்பத்திரி டொய்லட்டுக்குள்ள கதவைப் பூட்டிட்டு அந்த பிஸ்கட்டில மூணைத் தின்றேன். நோன்பும் போச்சு, வேனும் போச்சு என்று அங்க நின்று நினைச்சது ஞாபகம் இருக்குது. பாரூக் நல்ல மனுசன், நோன்பு காலம், பொலிசு வேணாம், மிசின் செய்ததுக்கு மனுசன் என்ன செய்யலாம் என்று சொல்லிட்டார்.

பிரேக் என்றால் அடுத்த பெயர் மக்கீன். உனக்குத் தெரியும், சந்திக்கு மேல கராஜ் வச்சிருக்கிற மக்கீன் மாமா, நோன்புக்கு ஒரு கிழமைக்கு முந்தித்தான் நாலு சில்லுக்கும் பிரேக் செய்து தந்திருந்தார். வேனை அவருட கராஜுக்குத்தான் கட்டி இழுத்துக்கொண்டு போனாங்க. நாலு சில்லையும் கழட்டிப் பார்த்திட்டு, எனக்கு ஒரு பிழையும் தெரியல்லையே நானா என்றார். அப்ப ஏன் பிடிக்கல்ல என்று நான் கேட்டேன். அதை நான் கேட்டேன் மகள், இந்த வாயாலதான். அவர் தலையைக் குனிஞ்சுக்கொண்டு, என்ட கையில ஏதாவது தவறியிருக்கும் என்றார். கழட்டின சில்லுகளை அப்படியே பூட்டினார், முன்பக்கத்து நெளிவையும் காசு எடுக்காமலே தட்டித் தந்தார். அதோட அவருக்கு வேலை குறைஞ்சது, ஸ்கூல் வேன்காரர் ஒருத்தரும் அந்தப் பக்கம் போறதில்லை, பிரேக் வேலை வந்தா அவரே வேற இடத்துக்குப் போகச் சொல்றாராம். பெருநாள் அன்று அவருட பொஞ்சாதி வருசா வருசம் அனுப்புற மாதிரி இனிப்புக்கு வட்டிலப்பம் அனுப்பியிருந்தா. உம்மா மூடியைக்கூடத் திறக்காம அப்படியே திருப்பி அனுப்பிட்டா, பிள்ளைகளைக் கொல்லப் பார்த்தவன்ட வீட்டுச் சாமான் எனக்கு வேணாம் என்று. நான் கதிரையில உட்கார்ந்து பார்த்துக்கொண்டு இருந்தேன், எழும்பல்ல.

பெருநாளைக்கு மூணாம் நாள் நானும் உம்மாவும் ஸனாவைப் பார்க்கப் போனோம். கையில மாவுக்கட்டு, டீவி பார்த்துக்கொண்டு இருந்தா. உம்மா உள்ளுக்குப் போன நேரம் பிள்ளை எனக்குக் கிட்ட வந்து மெதுவாச் சொன்னா. "அங்கிள், நீங்க கண்ண மூடிட்டீங்கதானே. நான் மூணு தரம் கூப்பிட்டேன். நான் ஒருத்தருக்கும் சொல்லல்ல, நோன்புல புறம் பேசினா நோன்பு போயிடும் எண்டு டீச்சர் சொன்னா." நோன்பு முடிஞ்ச பிறகு சொல்லலாம்தானே என்று அந்தப் பிள்ளைக்குத் தோணல்ல போல, அல்லது ஒருத்தரும் கேட்கல்ல. நான் அவட தலையைத் தடவிட்டு வந்தேன்.

சித்திரை லீவு முடிஞ்சு நாளையிலிருந்து எட்டாம் நாள் ஸ்கூல் திறக்குது. வருசா வருசம் எடுக்கிற பிட்னஸும் புகை டெஸ்டும் எனக்கு இந்த மாசம்தான். பேப்பரைக் கொண்டு வந்து காட்டினா பிள்ளைகளைத் திரும்ப ஏத்துறோம் என்று பெற்றோர் எல்லாரும் சேர்ந்து சொன்னாங்க, நியாயம்தானே. நாங்க எப்பவும் போறது கட்டுகஸ்தோட்டைப் பக்கத்து இடத்துக்கு. இந்த முறை நான் அங்க போகல்ல. பஸ் ஸ்டாண்டில டிரைவர்மாரிட்ட, டெஸ்ட் எடுக்கிறதில ஆகக் கடினமான இடம் எது என்று விசாரிச்சேன். எல்லாரும் லேசா விடுற இடத்தைத்தான் கேப்பாங்க, உங்களுக்கு மண்டை சரியில்லையா நானா என்று சிரிச்சாங்க. குண்டசாலைப் பக்கம் ஒரு இடத்தைச் சொன்னாங்க, வைப்பர் றப்பர் தேஞ்சிருந்தாலே திருப்பி அனுப்புவாங்களாம். தம்பி ஆகிப்தான் போன்ல தேடி வழி எடுத்துத் தந்தான், போனேன். நான் ஏன் போனேன் என்று உனக்கு விளங்கும். அவங்க ஒரு பிழையைக் கண்டுபிடிச்சிடணும், ஒரு பைப் கசியணும், ஒரு பக்கம் குறைவாப் பிடிக்கணும், அப்ப நான் தலையாட்டினது பொய் இல்லை என்றாகிடும். சில்லுகளை உருளையில ஏத்தி பிரேக்கை மிதிக்கச் சொன்னாங்க, என்ட காலை நான் பார்த்துக்கொண்டே மிதிச்சேன். கம்பியூட்டர்ல நம்பர் வந்தது. ரெண்டு பக்கமும் ஒரே அளவு, புது வேன்லகூட இப்படி வராது மாத்தயா என்று அந்தச் சிங்களப் பொடியன் சந்தோஷமாச் சொன்னான். அன்றைக்கே மாத்தளைப் பக்கத்து இன்னொரு இடத்துக்கும் போனேன், வேனை வாங்கப் போறேன், நல்லாப் பாருங்க என்று அங்கயும் ஒரு பொய். குழிக்குள்ள இறங்கி லைட் அடிச்சு அரை மணித்தியாலம் பார்த்தாங்க. யோசிக்காம வாங்குங்க என்றாங்க.

பேப்பரைப் பார்த்த பாரூக் என்னைக் கட்டிப் பிடிச்சார். மக்கீன்ட வேலையை யாரோ கெட்டிக்காரன் திருத்திட்டான் போல என்றார். ஸ்கூல் திறக்கிற திங்கட்கிழமை ஸனாவையும் ஏத்துறேன் என்றார். அப்பத்தான் எனக்கு விளங்கினது, அந்த பேப்பர் கையில இருக்கும் வரை பதினொரு பிள்ளைகளைத் தாய் தகப்பன்மார் நம்பி என்ட வண்டியில ஏத்துவாங்க, ஓட்டுற ஆளை ஒருத்தரும் உருளையில ஏத்திப் பார்க்கிறதில்லை. முடிவு எடுத்திட்டேன் மகள், ஸ்கூல் ஓட்டம் இனி இல்லை. வேனை வித்தாலும் சரி, வேற டிரைவர் போட்டாலும் சரி, நான் பிள்ளைகளை ஏத்த மாட்டேன்.

நேற்றுப் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு கராஜுக்குப் போய் மக்கீன்ட்ட சொன்னேன். சவர்க்காரத் தூள் போட்டுக் கை கழுவிக்கொண்டு இருந்தார். பைப்பைப் பூட்டாமலே நின்றார். "இன்னொரு தரம் சொல்லுங்க" என்றார். சொன்னேன். பொஞ்சாதியைக் கூப்பிட்டார், அவ கதவுக்கு அந்தப் பக்கம் வந்து நின்றா, அவவுக்கும் சொல்லுங்க என்றார். மூணாவது தரமும் சொன்னேன், நோன்பு பிடிச்சது, மயங்கினது, தலையாட்டினது, எல்லாம். அவ உள்ளுக்குப் போயிட்டா. மக்கீன் பழைய டயருக்கு மேல உட்கார்ந்து, "ஒரு மாசமா நான் ஒரு நட்டை நாலு தரம் இறுக்கிப் பார்க்கிறேன் முனாப் நானா" என்றார். ஏசல்ல. ஏசியிருக்கலாம். மன்னிப்புக் கேட்டேன், அதுக்கு அவர், முதல்ல உங்கட வீட்டில சொல்லுங்க, பிறகு பாரூக்குக்குச் சொல்லுங்க, பிறகு வாங்க என்று மட்டும் சொன்னார்.

இனி உம்மாவுக்குச் சொல்லணும், பகல் ளுஹர் தொழுகைக்குப் பிறகு சொல்லப் போறேன். பிறகு பாரூக்ட வீடு, பிறகு மத்தப் பத்து வீடும், ஒவ்வொரு வாசல்லயும் நின்று சொல்லணும். ஸனாவுக்கும் சொல்லணும், நீ பார்த்தது சரிதான் என்று. உனக்குத் தந்த வாக்கை உடைச்சதுக்கு உன்னிட்ட எப்படி மன்னிப்புக் கேக்கிறது என்று எனக்குத் தெரியல்ல, நீ ரெண்டு நாள் என்னோட பேசாம இருந்தாலும் நான் ஒண்டும் நினைக்க மாட்டேன்.

மகள், பொழுது பட்டு மஃரிப் ஆகும் வரைக்கும் உம்மாவுக்குக் கோல் எடுக்காதே, என்ட வாயால சொல்ல விடு. அதுக்குப் பிறகு கட்டாயம் எடு, அவவுக்கு நீ வேணும். வேலை வேலை என்று பட்டினி கிடக்காதே, அஸ்ஃபருக்கு என்ட ஸலாம் சொல்லு. அல்லாஹ் உங்க ரெண்டு பேரையும் வெளிநாட்டு றோட்டிலயும் வீட்டிலயும் பாதுகாத்து, கண் குளிர்ற குழந்தைகளைத் தந்து, என்னை மாதிரி மறைச்சு வாழாத வாழ்க்கையைத் தரட்டும், ஆமீன். கடைசிப் பக்கத்தில எழுத்துக் கோணலாப் போகுது, பார்த்துப் பயந்திடாதே. ளுஹருக்கு இனிக் கொஞ்ச நேரம்தான் இருக்குது. நீ அனுப்பின மெசின்ல ரெண்டு தரம் பார்த்திட்டேன், சீனி சரியாத்தான் இருக்குது.

வஸ்ஸலாம்,
உன்ட வாப்பா,
முனாப்