பதினேழு நாள் பேச்சு

மார்ச் 4

அண்ணனுக்கு,

நான் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். ஆறு வருடம் பொறுத்தேன். உங்கள் தியான மையத்திலிருந்து என் பேச்சைத் தொகுத்த புத்தகப் பிரதியும், அதை வெளியிடச் சம்மதப் படிவமும் வந்த பிறகு இனி முடியாது.

இருமுனை மனநலக் கோளாறு என்று டாக்டர் எழுதிக்கொடுத்தார். மாத்திரையால் கை நடுங்கியது. சக்தி இறங்குகிறது என்றீர்கள். மாத்திரையை நிறுத்தவைத்தீர்கள், நடுக்கம் நின்றது. சக்தி நிலைத்துவிட்டது என்றீர்கள். பிறகு பதினேழு நாள் தூங்காமல் பேசினேன். கூடத்தில் நாற்காலி போட்டு ஆட்களை உட்காரவைத்து, "இவன் சும்மா பேசலைங்க, ஒண்ணு விடாம எழுதிக்கோங்க" என்றீர்கள். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவனுக்கு அவ்வளவு கூட்டம்.

பதினெட்டாம் நாள் விழுந்தேன். நாலு மாதம் எழவில்லை. அண்ணி மட்டும் கதவுக்கு வெளியே நின்று, "தட்டு வாசல்ல இருக்கு தம்பி, ரெண்டு வாய் போதும்" என்பார். அதை எழுதிக்கொள்ள ஒருவரும் வரவில்லை. புத்தகத்திலும் இல்லை.

படிவத்தில் கையெழுத்துப் போடமாட்டேன்.

தம்பி

மார்ச் 12

அன்புத் தம்பிக்கு,

உன் கோபம் புரிகிறது. உடல், உயிர், மனம், ஆன்மா நான்கையும் சேர்த்துப் பார்ப்பதுதான் எங்கள் வழி. டாக்டர் முதல் படியோடு நின்றுவிடுகிறார். அந்தப் பதினேழு நாளில் நீ கண்டதாகச் சொன்ன ஒளி பொய்யா? நெஞ்சைத் தொட்டுச் சொல். உன் கடிதத்தில் நல்ல வேகம் இருக்கிறது. அதையே முன்னுரையாக வைக்கலாமென்று நினைக்கிறேன். படிவத்தைச் சீக்கிரம் அனுப்பு.

ஆசிகளுடன்,
அண்ணன்

மார்ச் 19

அண்ணா,

பொய்யில்லை. அந்த ஒளியை எந்த டாக்டரிடமும் நான் விட்டுக்கொடுத்ததில்லை. இப்போதும் காலையில் மாத்திரை போட்டுக்கொண்டு இருபது நிமிடம் கண்மூடி உட்காருகிறேன். நான்கையும் சேர்த்துப் பார்ப்பவன் நான்தான். நீங்கள் உடலைக் கழித்துவிட்டு மூன்றைப் பார்த்தீர்கள். நான் சாகக் கிடந்தது அந்தக் கழித்தலில்தான்.

மாத்திரையால் கை மறுபடி நடுங்குகிறது. ஒவ்வொரு லென்ஸின் விளிம்பையும் இரண்டு முறை தடவிப் பார்த்துத்தான் கொடுக்கிறேன். முதலாளி குறை சொன்னதில்லை.

படிவத்தைக் கிழித்துவிட்டேன். மீறிப் புத்தகம் வந்தால், வெளியீட்டன்று முதல் வரிசையில் இருப்பேன். அந்த நாலு மாதத்தை நானே சொல்வேன். அப்போதும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இதன் அடியில் கையெழுத்துப் போட்டால் அதையே சம்மதமாக எடுத்துக்கொண்டு இதையும் முன்னுரையோடு சேர்த்துவிடுவீர்கள். கையெழுத்தில்லாமலே தபாலில் போடப்போகிறேன்.