திண்டிவனம் வரைக்கும்

முண்டியம்பாக்கம் வந்துவிட்டது. கண்ணைத் திறக்காமலே தெரிகிறது. கரும்பு அரவைக் காலம். ஆலைப் புகையும் பாகின் புளிப்பும் ஜன்னல் வழியாக ஏறி, பெண்கள் பெட்டி முழுக்க நிறைந்துவிட்டன.

என் கை தானாக மூக்கைப் பொத்தியது. உன் பழக்கம். என்னிடம் தங்கிவிட்டது.

"மூச்ச புடிச்சிக்கோடி. வாசனையிலயே எனக்கு சுகர் ஏறிக்கினு போவுது" என்பாய். கன்னங்களை உப்ப வைத்து, விக்கிரவாண்டிப் பக்கம் வண்டி நகரும்வரை அப்படியே இருப்பாய். எதிரில் இருக்கும் பெண்கள் சிரிப்பார்கள். பிறகு, பேச்சை நிறுத்தாமலே, வயிற்றில் இன்சுலின் ஊசியைப் போட்டுக்கொண்டு டப்பாவைத் திறப்பாய். கேப்பை அடை. பள்ளியில் படிக்கும்போதே வந்த சர்க்கரை உனக்கு. வீட்டோடு தங்கிவிட்ட நச்சரிக்கும் உறவுக்காரரைப்போல அதை நடத்தினாய். வேளைக்குக் கவனிக்க வேண்டும். மற்றபடி கண்டுகொள்ள வேண்டாம்.

உனக்குச் சொல்ல ஒரு செய்தி. எனக்கும் சர்க்கரை எல்லையில் நிற்கிறதாம். போன மாதம் சொன்னார்கள். இப்போதே வாழ்க்கையை மாற்றிக்கொண்டால் தாண்டாமல் பார்த்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். 'வாழ்க்கையை' என்றார். அந்தச் சொல்லின் அளவுதான் பயமாக இருந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

ஒன்றாம் தேதி காலை நானே சபதம் எடுத்தேன். விடியற்கால நடை. சிறுதானியம். குறைந்த பொருள்கள், குறைந்த போன், நிறைந்த தூக்கம். எல்லாம் ஒரே நாளில். மாலையில் பக்கத்து வீட்டில் புத்தாண்டு கேக் கொடுத்தார்கள். தட்டைத் திருப்பிக் கொடுக்கும்போது அதில் ஒன்றும் இல்லை.

நீ இருந்திருந்தால் அப்படி எடுக்க விட்டிருக்க மாட்டாய்.

நமக்குப் புத்தாண்டு ஒன்றாம் தேதி இல்லை. விடுமுறை முடிந்து இந்த ரயிலில் ஏறும் முதல் காலை. விதிகள் உன்னுடையவை. தன் சபதத்தைத் தானே எடுக்கக் கூடாது. பக்கத்தில் இருப்பவர் கொடுக்க வேண்டும். ஒன்றே ஒன்று. அதுவும் விழுப்புரத்தில் ஏறி திண்டிவனத்தில் இறங்குகிற வரைக்கும்தான்.

"வருசம் பூரா எவளால முடியும்? திண்டிவனம் வரைக்கும் முடியுமா, அத்த சொல்லு."

முடிந்தது. நான் திண்டிவனத்துக் கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. நீ அங்கே ஒரு லேபில் ரத்தம் எடுத்துக்கொண்டிருந்தாய். போனைத் தொடக் கூடாது என்றாய் எனக்கு. பேரணி ஸ்டேஷன் தாண்டி இத்தனை பனைமரங்கள் இருப்பதை அன்றுதான் பார்த்தேன். மறுநாளும் திண்டிவனம் வரைக்கும். அதற்கு மறுநாளும். அதை ஒரு வருடம் என்று நாம் சொல்லிக்கொள்ளவே இல்லை.

பதிலுக்கு உனக்கு நான் கொடுத்தது: ஒரே பை. மூன்று பைகளோடு வருவாய் நீ. இருந்ததையெல்லாம் இருக்கையில் கொட்டினோம். உடைந்த குடைகள். காலி மாத்திரை அட்டைகள். ஒற்றைச் செருப்பு.

"இது யாருதுடி?" என்றாய், உண்மையிலேயே தெரியாமல்.

அதன் பிறகு ஒரு பைதான். கடைசி வரைக்கும்.

ஒலக்கூரை மறந்திருக்க மாட்டாய்.

அதற்கு அடுத்த ஜனவரியில் நம்மோடு மும்தாஜ் அக்காவும் சேர்ந்தார். கோர்ட்டில் தட்டச்சு வேலை. வீட்டுக்காரர் துபாயில். ஏறியதும் மடியில் பூண்டைக் கொட்டி உரிக்க ஆரம்பிப்பார். உரிக்க உரிக்கப் பேசுவார். அவருக்கு நீ மௌனம் கொடுத்தாய். திண்டிவனத்தில் கால் வைக்கும்வரை ஒரு வார்த்தை கூடாது. எனக்கு அவர் கொடுத்தது, கண்ணை மூடி மூச்சைக் கவனிப்பது. யார் என்ன செய்தாலும் திறக்கக் கூடாது. சரியாகத் தூங்காத உனக்கு நான் தூக்கத்தைக் கொடுத்தேன். நீ முண்டியம்பாக்கத்துக்கு முன்பே தூங்கிவிட்டாய்.

மயிலம் போனது. என் தொடையில் யாரோ கிள்ளினார்கள். அக்கா சோதிக்கிறார் என்று நினைத்தேன். திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினார். இன்னும் இறுக்கி மூடினேன். பூண்டுப் பல் ஒன்று நெற்றியில் பட்டது. இன்னொன்று மூக்கில். எவ்வளவு உறுதியாக இருந்தேன் என்று எனக்கே பெருமை.

வண்டி நின்றது. கிளம்பியது.

அடுத்து நின்றபோது நீதான் முதலில் விழித்தாய். "இன்னா ஊருடி இது?"

ஒலக்கூர். திண்டிவனத்துக்கு அடுத்த ஸ்டேஷன். மூன்று பேரும் குதிக்காத குறையாக இறங்கினோம். அக்காவின் முகம் சிவந்திருந்தது. அப்போதும் பேசவில்லை. கையால் பின்பக்கம் காட்டினார், தலையில் அடித்துக்கொண்டார், பூண்டைக் காட்டினார்.

"வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாக்கா?"

அதற்கு மேல் அவரால் முடியவில்லை. "திண்டிவனத்துல கால் வைக்கற வரைக்கும் பேசக் கூடாதுன்னு நீதானடி சொன்ன! இப்ப பேச வச்சிட்டியே, பேஜாரு புடிச்சவளே! நான் வச்சது ஒலக்கூர்ல!"

நீ பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாய், சிரிப்பில். மூன்று பேருக்கும் வேலைக்கு நேரமாகிவிட்டது. ஒருத்தியும் எழுந்திருக்கவில்லை. கூடைக்கார அம்மாவிடம் கொய்யா வாங்கினோம். எங்களுக்குப் பழம், உனக்குக் காய். கடித்துக்கொண்டே சொன்னாய்: "மூணு பேரும் பாஸ். வண்டிதான் பெயில்."

போன புரட்டாசியில் நீ போனாய். உன் சர்க்கரை ஒன்றும் செய்யவில்லை. ஒரு காய்ச்சல். அதைப் பற்றி நீயாக இருந்தால் ஒரு நகைச்சுவை சொல்லியிருப்பாய். எனக்கு வரவில்லை.

அன்றிலிருந்து உன் ஜன்னல் இருக்கையில் மும்தாஜ் அக்காவின் பை உட்கார்ந்து வந்தது. யாராவது கேட்டால், "ஆள் வர்றாங்க" என்பார்.

விடுமுறை முடிந்து இன்று காலை விழுப்புரத்தில் நான் ஏறியதும் அந்தப் பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "ஒக்காரு" என்றார். உட்கார்ந்தேன். வண்டி கிளம்பியது. கண்ணை மூடிக்கொண்டேன். முண்டியம்பாக்கம் வந்தது.

மூக்கைப் பொத்திய என்னைப் பார்த்து, "அவள மாரியே பண்ணுது பாரு" என்றார். அப்போது சொல்லிவிட்டேன். எல்லை, டாக்டர், கேக். எல்லாவற்றையும். வெளியே சொன்னது அதுதான் முதல் முறை.

அக்கா பூண்டை உரித்துக்கொண்டே கேட்டார். பிறகு: "சரி, இந்தா உனுக்கு. திண்டிவனம் வரைக்கும் பயப்படக் கூடாது."

"அது எப்படிக்கா?"

"எனுக்கு இன்னா தெரியும்? உன் சபதம். எனுக்கு ஒண்ணு குடு, ஜல்தி. விக்கிரவாண்டி வந்துரும்."

கொடுத்தேன். திண்டிவனம் வரைக்கும் உன்னைப் பற்றிப் பேச வேண்டும். அழக் கூடாது.

அவர் ஒலக்கூரிலிருந்து தொடங்கினார். கிள்ளியதை நடித்துக் காட்டினார். பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பினார்கள். பூ கட்டிக்கொண்டிருந்த ஒரு பெண் நாரை விட்டுவிட்டுக் கேட்டாள். ஒற்றைச் செருப்புக் கதையையும் சொன்னார், எனக்குத் தெரியாத ஒன்றிரண்டையும் சேர்த்து. மயிலத்தில் அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. முந்தானையால் துடைத்தார்.

"இது சிரிப்புல வந்தது. இது சேராது."

சேராதுதான்.

நான் சிரித்துக்கொண்டிருந்தேன். பயப்பட நேரமில்லை. இந்த முறை மூன்று பேருக்கும் சேர்த்து அக்கா கத்தினார்: "திண்டிவனம்! எறங்குடி!"

கல்லூரிக்கு வந்து, முதல் வகுப்புக்கு முன் இதை எழுதுகிறேன். பயம் பிளாட்பாரத்திலேயே காத்துக்கொண்டிருந்தது. கல்லூரி வரை கூடவே நடந்து வந்தது. வரட்டும். வழக்கமாக ஆட்டோவில் வருவேன், இன்று நானும் நடந்தேன்.

டப்பாவில் கேப்பை அடை இருக்கிறது. உன்னுடையதுபோல மெல்லிசாக வரவில்லை. ஒரே பைதான் எடுத்து வந்தேன்.

சாயங்காலம் திரும்பும் வண்டி இருக்கிறது. இங்கே ஏறினால் விழுப்புரம் வரைக்கும். அவ்வளவு தூரம் என்னால் முடியும்.

முண்டியம்பாக்கத்தில் உனக்கும் சேர்த்து மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.