டூ பேஸ் என்று எழுதக் கூடாது

2025 மார்ச் 3, திங்கள்

தானே கைவிட்டுவிட்ட பொருளின் ரகசியத்தை ஒரு கம்பெனி எதற்காகக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறது? காலையிலிருந்து இதையே கேட்டுக்கொண்டிருக்கிறேன். எனக்குப் பதில் தெரியவில்லை.

பொருள் ஒரு பெட்டி. மிஸ்டு கால் கொடுத்தால் தோட்டத்து மோட்டாரைப் போடும், இன்னொன்று கொடுத்தால் நிறுத்தும். பாலக்கோட்டுப் பக்கம் பாதித் தோட்டங்களில் அது தொங்குகிறது. கோயம்புத்தூர்க் கம்பெனி ஒன்று செய்தது. பிறகு, இந்த மாடல் முடிந்தது, புதியது வாங்குங்கள் என்று சொல்லிவிட்டது. பெட்டிக்குள் இருக்கும் மென்பொருளை, ஃபர்ம்வேர் என்பதை, நானும் ஜாவீத்தும் புதிதாக எழுதினோம். நான் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் நடத்துகிறேன். ஜாவீத் டிப்ளமா முடித்துவிட்டு பாலக்கோட்டில் மோட்டாருக்குக் கம்பிச் சுற்று, காயில், கட்டும் கடை வைத்திருக்கிறார். எழுதியதை யாரும் எடுத்துக்கொள்ளலாம், திருத்தலாம் என்று இணையத்தில் போட்டுவிட்டோம். குஜராத்திலிருந்துகூட எடுத்திருக்கிறார்கள்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை. கரண்ட்டை அளக்கும் சில்லு. அதன் மேலிருந்த பெயரைத் தேய்த்து அழித்திருக்கிறார்கள். எந்த அளவை அது எங்கே வைக்கிறது என்று சொல்லும் தாள் கம்பெனியிடம் மட்டும் இருக்கிறது. மறுபடியும் கேட்டு எழுதினேன். இன்று பதில்: "தங்கள் ஆர்வத்துக்கு நன்றி."

ஆர்வமாம்.

மார்ச் 5, புதன்

வகுப்பு நடுவில் அமுதவல்லி அண்ணியின் போன். வெளியே வந்து எடுத்தேன்.

"ஏம்மா கலை, உன் பொட்டி மறுபடியும் நிறுத்திப்புட்டுது. தண்ணி நல்லா ஊத்திக்கினு இருக்குது. அது பாட்டுக்கு தண்ணி இல்லன்னு மெசேஜ் அனுப்புது. அதுக்குக் கண்ணு கிண்ணு இருக்குதா?"

அண்ணன் ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் வேலையில் இருக்கிறார். தக்காளித் தோட்டம் முழுக்க அண்ணியின் கையில். போன கோடையில் போர்வெல் வற்றியது தெரியாமல் மோட்டார் வெறுமனே ஓடிக் கருகிவிட்டது. அதைத் தூக்கி, காயில் கட்டி, இறக்குவதற்குள் செடியெல்லாம் போய்விட்டது. இன்னொரு தடவை மோட்டார் போனால் நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு ஓசூருக்கு வந்துவிட வேண்டும் என்பது அண்ணனின் முடிவு. அண்ணிக்கு அது பிடிக்கவில்லை. "அந்த ஒண்டு வூட்டுல குந்திக்கினு நான் என்ன பண்றது? எதிர்வூட்டுக் கதவப் பாக்கறதா?"

தப்பு என்னுடையதுதான். மூன்று பேஸ் கரண்ட் வரும்போது பெட்டி சரியாக வேலை செய்கிறது. மற்ற நேரத்தில் இரண்டு பேஸ்தான் வரும். அப்போது எல்லோரும் மூன்றாவது பேஸுக்குப் பதிலாக ஒரு கண்டன்சரை மாட்டி மோட்டாரை ஓட்டுகிறார்கள். மின்வாரிய விதிப்படி கூடாது என்பார்கள். எல்லோருக்கும் தெரியும், எல்லோரிடமும் இருக்கிறது. அப்படி ஓடும்போது கரண்ட் குறைந்து, தண்ணீரே இல்லாமல் ஓடுவது போலத் தெரிகிறது. என் மென்பொருள் ஏமாந்து நிறுத்திவிடுகிறது. கம்பெனியின் பழைய மென்பொருள் ஏமாறவில்லை. எப்படி? அந்தத் தாளில் இருக்கிறது.

மார்ச் 9, ஞாயிறு

தோட்டத்துக்குப் போனேன். பெட்டி சுவரில் இருக்கிறது. விளக்கும் எரிகிறது. ஆனால் கம்பி அதற்குள் போகவே இல்லை, பக்கவாட்டில் போகிறது. ஜாவீத்தைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

"டைரக்ட் குடுத்துட்டேங்க்கா. அண்ணி சொன்னாங்க, நான் என்ன பண்றது?"

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலாமில்ல?"

"சொன்னா நீங்க வேணாம்பீங்க. பூ எடுக்கற நேரங்க்கா."

அண்ணி என்னைப் பார்க்காமல் களை பிடுங்கிக்கொண்டிருந்தார். செடி பூ எடுக்கிற நேரம், தண்ணீர் தவறக் கூடாது என்பது உண்மை. பாதுகாப்பு இல்லாமல் மோட்டார் ஓடுகிறது என்பதும் உண்மை. போரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே வருகிறது. மோட்டாரை வைத்துப் பந்தயம் கட்டுவது யார், அவரா, நானா?

மார்ச் 10, திங்கள்

மனதில் ஒன்றும் ஓடவில்லை. விடைத்தாள் திருத்தினேன்.

மார்ச் 13, வியாழன்

கம்பெனியிலிருந்து ஒரு மனிதர் பேசினார். சந்திரமோகன், ஃபர்ம்வேர் பிரிவைப் பார்க்கிறவராம். "ஏனுங்க மேடம், சனிக்கிழமை டீலர் மீட்டிங்குக்கு அந்தப் பக்கம் வர்றனுங்க. ஒரு காபி சாப்பிடலாமுங்களா?"

எதற்கு? கேட்கவில்லை. சரி என்றேன். வக்கீல் நோட்டீஸ் கொடுக்க வருகிறவர்கள் காபிக்குக் கூப்பிடுவார்களா?

மார்ச் 15, சனி

அதியமான்கோட்டையில், ஹைவே ஓரக் கடையில் சந்தித்தோம். நாற்பது வயதிருக்கும். உட்கார்ந்ததும் முதல் வார்த்தை: "உங்க ஃபர்ம்வேர் கோடு படிச்சனுங்க. டைமர்ல ஒரு தப்பு இருக்குது." தன் போனில் இடத்தைக் காட்டினார். தப்புதான். அவர் எதற்காக எனக்குச் சொல்ல வேண்டும் என்று யோசித்துக்கொண்டே நன்றி சொன்னேன்.

"தாள் குடுக்கறதுல எனக்கு ஒண்ணுமில்லீங்க. மொதலாளியும் சரின்ட்டாரு. ஒரே விஷயமுங்க. டூ பேஸ்ங்கற வார்த்தை உங்க கோடுல எங்கயும் இருக்கப்படாது."

சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

"இதுக்காகவா இத்தனை நாளா தரல?"

"இதுக்காகத்தானுங்க. பெட்டி மேல த்ரீ பேஸ்னு அச்சடிச்சிருக்கோம். வாங்கறவிங்க எல்லாம் டூ பேஸ்க்குத்தான் வாங்கறாங்க. விளம்பரத்துல கிடையாது, பில்லுல கிடையாது. டீலர் வாயால சொல்றதோட சரி. உங்க கோடு ஊரே பாக்கறாப்ல கெடக்குது. நாளைக்கு ஒரு ஆபீசர் படிச்சுட்டு வந்து நின்னா?"

"எந்த ஆபீசருங்க கோடு படிக்கிறாரு?"

"நான் படிச்சனே மேடம்."

"பாக்கறேன்" என்று சொல்லி எழுந்தேன். பஸ்ஸில் வரும்போதே தாள் மெயிலில் வந்துவிட்டது.

மார்ச் 16, ஞாயிறு

நான் "பாக்கறேன்" என்றுதான் சொன்னேன். அவர் அதைச் சரி என்று எடுத்துக்கொண்டிருக்கிறார். இங்கே அந்த வார்த்தை, முடியாது என்பதை மரியாதையாகச் சொல்வது. கோயம்புத்தூரில் வேறு அர்த்தமா? அல்லது தெரிந்தேதான் அனுப்பினாரா? இப்போது தாள் என் கையில். வாக்குக் கொடுத்தவளா, கொடுக்காதவளா நான்?

தாளைப் படித்தேன். ஒன்றரைப் பக்கம்தான். டூ பேஸில் ஓடுகிறதா என்று பார்த்து, அளவுகளை மாற்றிக்கொள்ளும் வழி ஒரே வரியில் இருக்கிறது. கம்பெனி அதற்கு வைத்திருக்கும் பெயர் "ரூரல் மோடு". எத்தனை சாமர்த்தியம்!

மார்ச் 19, புதன்

எழுதி முடித்துவிட்டேன். மேஜையில் வைத்த சின்ன மோட்டாரில் சரியாக நிற்கிறது, சரியாக ஓடுகிறது. பெயர்தான் பாக்கி.

ரூரல் மோடு என்றே விட்டுவிடலாம். ஆனால் குஜராத்தில் இருக்கிறவர் அதைப் பார்ப்பார். எங்களுடையதும் கிராமம்தானே என்று போடுவார். அவரிடம் கண்டன்சர் இருக்காது. அங்கே ஒரு பேஸ் போனால், நிறுத்த வேண்டிய பெட்டி நிறுத்தாது. மோட்டார் கருகும். ஒரு மோட்டாரைக் காப்பாற்ற இன்னொருவர் மோட்டாரைக் கொளுத்துவதா? டூ பேஸ் என்று எழுதினால் சந்திரமோகனுக்கு வேலை போகுமோ என்னவோ. மறைத்துப் போடுவதற்குத் திறந்த மென்பொருள் என்று ஏன் பேர்?

ஜாவீத்: "பேர்ல என்னக்கா இருக்குது? போட்டு உடுங்க. வெயில் ஏறுது."

மார்ச் 22, சனி

அண்ணியாவது என் பக்கம் இருப்பார் என்று நினைத்தேன். விஷயத்தைச் சொன்னதும் கையிலிருந்த கூடையைக் கீழே வைத்துவிட்டார்.

"எழுதிக் கிழுதித் தொலைக்காத தாயி. எழுதினா கண்டன்சரப் புடுங்க வந்துடுவாங்க. இந்த ஊரே உன்னத்தான் சொல்லும். ஓடற வரைக்கும் ஓடட்டும்."

"டைரக்ட்டாவா அண்ணி? தண்ணி இறங்கிட்டா?"

"இறங்கினா எனக்குத் தெரியாதா? பைப்புக்கிட்டதான நிக்கறேன்."

நாள் முழுக்க யாரால் பைப்பிடம் நிற்க முடியும்? போன வருடமும் நின்றார். சொல்லவில்லை. சொன்னால் அழுதிருப்பார், அல்லது நான்.

கம்பெனியின் பயமும் அண்ணியின் பயமும் ஒன்றேதான். நான் இத்தனை நாள் திட்டியது யாரை? மூன்றாம் தேதி கேட்ட கேள்விக்குப் பதில் எங்கள் வீட்டிலேயே இருந்திருக்கிறது.

மார்ச் 24, திங்கள்

தலைவலி. கல்லூரிக்குப் போகவில்லை. பெயரை மூன்று தடவை மாற்றி, மூன்று தடவையும் அழித்தேன்.

மார்ச் 27, வியாழன்

சந்திரமோகன் கேட்டது ஒரு வார்த்தை இருக்கக் கூடாது என்பது. எச்சரிக்கை இருக்கக் கூடாது என்று கேட்கவில்லை. "கண்டன்சர் முறை" என்று பெயர் வைத்தேன். அதன் மேல் தமிழிலும் இங்கிலீஷிலும் எழுதினேன்: மூன்றாவது கம்பிக்குக் கண்டன்சர் வழியாகக் கரண்ட் வரும் இடத்துக்கு மட்டும். மற்ற இடத்தில் போட்டால் மோட்டார் கருகும்.

ஊர்ப் பெயர் இல்லை, விதியைப் பற்றி ஒன்றும் இல்லை. மோட்டாருக்கு நடப்பது மட்டும். இணையத்தில் போடுவதற்கு முன்னால் சந்திரமோகனுக்கு அனுப்பினேன். சாயங்காலம் கூப்பிட்டார்.

"அந்த வார்த்தைய எழுதலீங்க நீங்க."

"இல்ல."

"மத்த எல்லாத்தையும் எழுதிட்டீங்க."

"ஆமா. 'பாக்கறேன்'னு சொன்னேன், பார்த்தேன்."

பின்னால் யாரோ டீ வேண்டுமா என்று கேட்டது காதில் விழுந்தது. "மொதலாளி கேட்டா, வார்த்தை இல்லீங்கன்னு சொல்லிடறேன். பொய் இல்லீங்களே?" என்றார். பிறகு, "அந்த டைமரத் திருத்திட்டீங்களா?"

திருத்திவிட்டேன் என்றேன். போட்டுவிட்டேன்.

மார்ச் 29, சனி

ஜாவீத்தும் நானும் அண்ணியின் பெட்டியில் புதியதை ஏற்றினோம். டைரக்ட் கம்பியைக் கழற்றச் சொன்னேன். அண்ணி தள்ளி நின்றார். மூன்று பேஸில் ஓடியது. அது போய் இரண்டானபோது பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தேன். நிற்கவில்லை. பைப்பில் முழுத் தண்ணீர்.

"ஓடுதுங்க்கா!" என்றார் ஜாவீத். அண்ணி, "நாளைக்குப் பாக்கலாம்" என்றார். நானும் அதையே நினைத்தேன்.

மார்ச் 30, ஞாயிறு

காலையில் அண்ணியின் போன். "நிறுத்திப்புட்டுது. தண்ணி இல்லங்குது. மறுபடியும் அதே கதைதான். ஜாவீத்தை வரச் சொல்லிட்டேன், டைரக்ட் குடுத்துரட்டும்."

நான் போய்ச் சேர்ந்தபோது ஜாவீத் மூடியைக் கழற்றி வைத்திருந்தார். ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டு மாற்றுங்கள் என்றேன். போட்டார். அண்ணி பைப்பின் வாயில் கையை வைத்தார். கொஞ்சம் தண்ணீர் வந்தது, பிறகு விட்டு விட்டு, பிறகு காற்று. மோட்டார் தானாக நின்றது. அண்ணி கையை எடுக்காமல் அப்படியே இருந்தார்.

"நெசமாத்தான் இல்ல" என்றார்.

ஜாவீத் மூடியை மாட்டிவிட்டு ஸ்க்ரூடிரைவரைப் பையில் போட்டார்.

பக்கத்துத் தோட்டத்துக் கன்னடக்காரர்கள் யுகாதிக்குச் செய்த ஒப்பட்டு, நம் போளி, கொண்டுவந்து கொடுத்தார்கள். மூன்று பேரும் மோட்டார் ரூம் நிழலில் உட்கார்ந்து சாப்பிட்டோம். மதியத்துக்கு மேல் அண்ணி மிஸ்டு கால் கொடுத்தார். ஊறியிருந்த தண்ணீர் வந்தது. ஒரு பாத்தி நனைவதற்குள் பெட்டி நிறுத்திவிட்டது. விட்டு விட்டுப் போட்டுப் பார்த்ததில், தோட்டம் முழுவதுக்கும் போதாது என்று தெரிந்தது.

அண்ணி வரப்பில் நடந்து போய், இன்னும் பூவிலேயே இருந்த மேல் பாதிக்குப் போகும் வால்வை மூடினார். காய் பிடித்த கீழ் பாதிக்கு மட்டும் திறந்து வைத்தார். திரும்பி வந்து கை கழுவவில்லை, புடவையில் துடைத்துக்கொண்டு ஓசூரில் இருக்கும் அண்ணனுக்குப் போன் போட்டார்.

"ம்... சாப்டேன். கலையும் வந்திருக்கா. மோட்டாருக்கு ஒண்ணும் ஆவல, நல்லாருக்குது" என்றார். தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் வைத்துவிட்டார்.