சுவர் அவருடையது, மிஷின் என்னுடையது

லிங்கராஜபுரம், பெங்களூர்
21.9.2003

அன்புள்ள தாரணிக்கு, அம்மா ஆசியுடன் எழுதுவது. நானும் உன் அப்பாவும் சுகம், வீடும் நன்றாகக் காய்ந்துவிட்டது, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு நல்லபடி இருக்கிறாய் என்று நம்புகிறேன். போனிலேயே சொல்லியிருப்பேன், ஆனால் நான் ஒரு வார்த்தை சொல்வதற்குள் உன் அப்பா பக்கத்தில் நின்று நாலு வார்த்தை சொல்லிவிடுவார், அதனால் அவர் கடைக்குப் போன நேரமாகப் பார்த்து எழுத உட்கார்ந்தேன்.

போன ஞாயிறு நீ சொன்னது எனக்குப் பிடிக்கவில்லை. உன் சாமான்களுக்கு இன்சூரன்ஸ் எடுத்துக்கொள் என்று நீ வாடகைக்கு இருக்கிற அந்த வீட்டுக்காரர் சொன்னதற்கு, ஒரு கட்டிலும் கம்ப்யூட்டரும்தானே, வீடு உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வந்தாயாம். அப்படியே உன் அப்பா! என்னிடம் பிளவுஸ் தைக்கிற அன்னம்மாள் இன்சூரன்ஸ் ஏஜெண்ட் அல்லவா, அவள் வந்து கேட்டபோது இவரும் இதைத்தான் சொன்னார். மாடியில் இருக்கிற ஓனர் கோவிந்தப்பா பில்டிங்குக்குப் போட்டிருக்கிறார், அதில் நாமும் அடக்கம் என்றார். அன்னம்மாள் சிரித்துவிட்டு, சுவர் இடிஞ்சா அவருக்குக் காசு வரும் சார், உங்க மிஷின் மூழ்கினா உங்களுக்கு யார் தருவா என்று கேட்டாள். நான் உடனே கையெழுத்துப் போட்டேன். தையல் மிஷினையும், துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மிஷினையும் தொழில் சாமான் என்று அவளே தனியாகச் சேர்த்துவிட்டாள்.

ஆகஸ்டில் மழைத்தண்ணீர் ஓடுகிற ராஜகால்வாய் பொங்கி வீட்டுக்குள் தண்ணீர் வந்தது என்று மட்டும்தான் உனக்குச் சொன்னோம், நீ பயப்படுவாய் என்று மீதியைச் சொல்லவில்லை. ஃபிரிட்ஜ், டிவி, மிஷின்களுக்கு அடியில் இருந்த மோட்டார்கள் எல்லாம் போச்சு. கம்பெனி சர்வேயர் வந்து நஷ்டத்தைப் பார்க்கிற வரைக்கும் எதையும் தொடாதீங்க அக்கா என்று அன்னம்மாள் சொல்லித்தான் போனாள். ஆனால் அந்த வெள்ளிக்கிழமை வரமகாலட்சுமி விரதம். சேறும் நாற்றமுமாக வீட்டை வைத்துக்கொண்டு லட்சுமியை எந்த முகத்தோடு உள்ளே கூப்பிடுவது? பழைய இரும்புக் கடை பழனிச்சாமியைக் கூப்பிட்டு ஃபிரிட்ஜ், டிவி, மோட்டார் எல்லாவற்றையும் ஏற்றிவிட்டேன். வீடு முழுக்கக் கழுவி, மாவிலை கட்டி, கலசம் வைத்து ஜோராகப் பூஜையும் முடித்தேன். மறுநாள் சர்வேயர் மஞ்சுநாத் வந்தார். வாசல் கோலத்தைப் பார்த்தார், பளிச்சென்ற தரையைப் பார்த்தார், தண்ணி எங்கம்மா வந்துச்சு என்று கேட்டார். உன் அப்பா என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, இன்னும் மறக்கவில்லை.

எனக்கு அழுகை வந்துவிட்டது. தீபாவளிக்குத் துணி கொடுத்தவர்கள் எல்லாரும் என்னை நம்பி இருக்கிறார்கள், மிஷின் போனால் என் கையே போன மாதிரி. நல்ல வேளை, பழனிச்சாமி ஒன்றையும் பிரிக்கவில்லை. உன் அப்பாதான் மஞ்சுநாத்தைக் கூட்டிக்கொண்டு கடைக்கு ஓடினார். மோட்டாருக்குள் சேறு இருந்தது, வீட்டில் நம் பீரோவை நகர்த்தினால் சுவரில் தண்ணீர் நின்ற கறையும் இருந்தது. சரி, ஆனா கடையில கிடக்கிறது உங்க சாமான்தான்னு நான் எப்படி எழுதறது என்றார் அவர். செகண்ட் ஹேண்டில் வாங்கிய மிஷினுக்கும் மோட்டாருக்கும் பில்லுக்கு எங்கே போவேன்? அப்போதுதான் போன ஆயுத பூஜைக்கு, நீ அந்த ஊருக்குக் கிளம்புவதற்கு முன்னால் எடுத்த போட்டோ நினைவுக்கு வந்தது. ஆள் இல்லாத போட்டோவுக்கு ஏன் ஃபிலிமை வீணாக்குகிறாய் என்று உன்னைத் திட்டினேனே, அதேதான். ஃபிரிட்ஜ், டிவி, மிஷின், மோட்டார் எல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சாமந்திப் பூ சூடி, கல்யாணத்துக்கு வந்தவர்கள் மாதிரி வரிசையாக நின்றன. மஞ்சுநாத் அதைக் கையில் வைத்துக்கொண்டு கடையில் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். ஆயித்தம்மா, சரியாப்போச்சு, இது போதும் என்று சிரித்தார். நான் வைத்த ஒப்பிட்டுப் போளியையும் சாப்பிட்டுவிட்டுத்தான் போனார்.

கம்பெனியில் பழசானதற்குக் கழித்துக்கொண்டுதான் பணம் கொடுத்தார்கள், இருந்தாலும் புது மோட்டார் போட்டு மிஷின் இரண்டும் ஓடுகிறது, தீபாவளித் துணி மலையாகக் குவிந்திருக்கிறது. உன் அப்பா இப்போது தெருவில் ஒவ்வொருவரையும் நிறுத்தி வைத்துப் பாலிசி எடுக்கச் சொல்கிறார், யோசனையே அவருடையதாம்! அதனால் நீயும் வீம்பு பண்ணாமல் உடனே எடுத்துவிடு. மேல் வீட்டில் குழாய் உடைந்தாலும் பக்கத்து வீட்டில் தீப்பிடித்தாலும் நனைவதும் கருகுவதும் உன் சாமான்தான். நகைக்குத் தனியாகச் சொல்ல வேண்டுமா என்று கேட்டுக்கொள். எது நடந்தாலும், அவர்கள் வந்து பார்ப்பதற்குள் என்னைப் போலக் கழுவித் தள்ளிவிடாதே.

அந்த போட்டோ கம்பெனியிலிருந்து திரும்பி வந்ததும் துடைத்துப் பார்த்தேன். டிவி கண்ணாடியில் நீ தெரிகிறாய், கொண்டையைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, கேமராவும் கையுமாக. ஆள் இல்லாத போட்டோ என்று உன்னைத் திட்டியிருக்கிறேனே கண்ணு.

தீர்க்காயுசாக, குறையில்லாமல் இரு. உன் சாமான்களையும் போட்டோ எடுத்து எனக்கு ஒரு பிரதி அனுப்பு. கம்பெனிக்குக் கொடுப்பதில் வெறும் சாமான் மட்டும் இருந்தால் போதும், எனக்கு அனுப்புவதில் நடுவில் நீ நின்றுகொள்.

இப்படிக்கு,
உன் அம்மா
கோமளம்