சோளத்துக்குப் பாயாத தண்ணீர்

திருப்பூர்,
8.4.2025

அன்புள்ள சுபஸ்ரீ,

கையில் போன் இருக்கும்போது கடிதம் எழுதுவதற்கு மன்னித்துக்கொள். போனில் அனுப்பினால் நீ படித்துவிட்டாய் என்பது உடனே தெரிந்துவிடும். பதில் வராவிட்டால் அதுவும் தெரிந்துவிடும். கடிதம் என்றால், இன்னும் போய்ச் சேரவில்லை என்று நினைத்துக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை உங்கள் தோட்டத்துக் கிணற்றில் உன்னோடு இறங்கியதிலிருந்து கணுக்கால் வீக்கம் குறைந்திருக்கிறது. சைக்கிளிலிருந்து விழுந்து எலும்பு முறிந்த பிறகு, வலியில்லாமல் காலை அசைத்தது அன்றைக்குத்தான். ஓடுவதற்கு இன்னும் அனுமதியில்லை. தண்ணீரில் எவ்வளவு வேண்டுமானாலும் உதைக்கலாம் என்கிறார் பிசியோ. நான் ஆபீஸ் விட்டு வருவதற்குள் நீச்சல்குளத்தை மூடிவிடுகிறார்கள். கடலில் நீந்தி, சைக்கிள் மிதித்து, கடைசியில் மாரத்தானும் ஓட வேண்டிய அந்த டிசம்பர் டிரையத்லானுக்குச் சேர்ந்துதானே பெயர் கொடுத்தோம்? எனக்கு இப்போது உங்கள் கிணறு ஒன்றுதான் வழி.

நாலு கை போட்டால் சுவர் வந்துவிடுகிறது. "செக்குமாடுகூட இத்தனை சுத்து சுத்தாதுடி" என்று நீ சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

உன் அப்பாவுக்கு என் வணக்கத்தைச் சொல். நான் படியேறி வரும்போது, "எந்த ஊருங் கண்ணு? அங்க ஊருக்குள்ள ஊடா, காலனிப் பக்கமா?" என்று மெதுவாகக் கேட்டார். விருதுநகர் பக்கம், காலனிதாங்க என்றேன். "சரிங் கண்ணு" என்று போய்விட்டார். வேலை இருந்திருக்கும்.

நீ கொடுத்த மாங்காயில் அம்மா தொக்கு போட்டிருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை கொண்டுவருகிறேன்.

உன்,
ஆஷா

குன்னத்தூர்,
15.4.2025

ஏன்டி ஆஷா,

இங்க இருக்கற குன்னத்தூருக்குக் கடுதாசி போடறவ நீ ஒருத்திதான்! உன்னால நானும் பேனாவைத் தேட வேண்டியதாப் போச்சு.

ஞாயித்துக்கிழமை நீ வந்துட்டுத் திரும்பிப் போனேன்னு தோட்டத்துல வேலை பாக்கற சாமியப்பன் சொன்னாரு. நாங்க அவிநாசில சித்தி ஊட்டுக்குப் போயிட்டோம். கிணத்து மோட்டார் ரிப்பேருடி. அப்பா தூர் வாரோணும்ங்கறாங்க. எப்ப முடியும்னு தெரியல. என்னை ஒரு நீச்சல்குளத்துல சேர்த்துவிட்டுட்டாங்க.

நீ காலைப் பார்த்துக்கோ. போட்டிக்கு அடுத்த வருசம்கூடப் போலாம், அவசரமில்லை.

தொக்கை சாமியப்பனே எடுத்துக்கிட்டாரு. அவருக்கு ரொம்பப் பிடிக்குமாம்.

சுபா

திருப்பூர்,
20.4.2025

அன்புள்ள சுபஸ்ரீ,

மோட்டார் ரிப்பேர் என்று எழுதியிருக்கிறாய். அன்றைக்கு நான் பஸ்ஸை விட்டு இறங்கும்போதே அதன் சத்தம் கேட்டது. உங்கள் கேட்டுக்கு முன்னால் தார் ரோட்டில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. ஓரத்தில் சோளம் வாடி நின்றது. சோளக்காட்டுக்குப் போகும் வாய்க்காலை மண்ணால் அடைத்துவிட்டு, சாமியப்பன் மண்வெட்டியோடு நின்றிருந்தார்.

"ஏங்க, காட்டுக்கு விடலாமில்ல?" என்று கேட்டேன்.

"இந்தத் தண்ணி காட்டுக்கும் வேண்டாம்னு முதலாளி சொல்லிட்டாருங் கண்ணு. கிணத்துல சொட்டு இல்லாம வெளிய போகோணுமாம்" என்றார். பிறகு என் காலைப் பார்த்து, "ஓரமா வாங்க, வழுக்கும்" என்றார்.

ஏன் என்று நான் கேட்கவில்லை. தொக்குப் பாட்டிலை அவர் கையில் கொடுத்தேன். துண்டும் மாற்றுத் துணியும் பையிலேயே இருந்தன. அந்தத் தண்ணீரில் நடந்துதான் பஸ் ஸ்டாப்புக்குத் திரும்பினேன். கால் வலித்தது.

"பொல்லாப்பு எதுக்குத் தாயி? நான் அவுக பனியன் கம்பெனியிலதான துணி செக்கிங் பாக்கேன்" என்கிறாள் அம்மா. எங்கள் வீட்டில் காலேஜ் போனவள் நான் ஒருத்திதான். எனக்கு எழுதத் தெரிந்ததே வம்பு என்று இப்போது அவளுக்குப் பயம்.

போட்டியிலிருந்து நான் விலகவில்லை. பி.ஏ.பி. பாசன வாய்க்காலில் அணைத் தண்ணீர் விட்டதும் அதில் இறங்குவேன். அதை யாரும் இறைத்து ஊற்ற முடியாது.

கிணற்றைக் கேட்டு இதை எழுதவில்லை. கேட்பது ஒன்றுதான். அன்றைக்கு அந்தத் தண்ணீரில் நாம் இரண்டு பேரும் இருந்தோம். நான் வாய் நிறையத் தண்ணீரை உன் முகத்தில் கொப்பளித்தேன். நீ என் தலையைப் பிடித்து அமுக்கினாய். தண்ணீரை ரோட்டில் விட்டவர், உன்னை எப்படி வீட்டுக்குள் விட்டார்? எனக்காக ஒரே ஒரு தடவை உன் அப்பாவிடம் கேள்.

ஆஷா