கேட்டுக்கு எதிரே வைக்காத படி

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

பாப்பு, இன்றைக்கு ரோடு இன்ஜினியர் வந்திருந்தார். ஷூ கம்பெனி கேட்டுக்கு எதிரே, லாரி உன்னை அடித்துப் போட்ட இடத்தில்தான் நின்றார். ரோட்டுக்கு மேலே நடைபாலம் கட்டப் போகிறார்களாம்.

"ரோடு போடுறப்பவே கட்டியிருக்கலாமே சார்?" என்று கேட்டேன்.

"அதுக்கு முன்னாடி வந்து ஆளுங்கள எண்ணினப்ப இங்க யாருமே குறுக்க போகலம்மா. அதான் பிளான்ல வரல."

பக்கத்து வீட்டு ஷமீமா அக்கா, என்றைக்கு எண்ணினீர்கள் என்றாள். வெள்ளிக்கிழமையாம்.

"இந்த ஊர்ல வெள்ளிக்கிழமைதான் கம்பெனிக்கு வார லீவு சார். அன்னிக்கு கோழிகூட குறுக்க போயிருக்காது. எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா இன்னா?" என்றாள் அக்கா.

இன்ஜினியர் தலை குனிந்து பிளானை விரித்தார்.

இப்போது கேட்டுக்கு எதிரே பாலத்துப் படி வைக்க இடமில்லையாம். அங்கே கம்பெனிக் கழிவுத்தண்ணிக் குழாயைப் புதைத்துவிட்டார்களாம். பெட்ரோல் பங்க்கையும் தாண்டித்தான் வைக்க முடியுமாம்.

"கம்பெனிப் பொண்ணுங்க அவ்ளோ தூரம் நடப்பாங்களாம்மா?" என்று என்னையே கேட்டார்.

"நடப்பாங்க சார்" என்று சொல்லிவிட்டேன். நடக்க மாட்டார்கள் என்றால் அதுவும் வராமல் போய்விடுமோ என்று பயம்.

சாயங்காலம் ஷிப்ட் விட்டதும் நம் வீட்டு வாசலில் நின்று பார்த்தேன். எல்லாரும் கேட்டிலிருந்து நேராக ரோட்டுக்குத்தான் ஓடி வந்தார்கள், ஷேர் ஆட்டோவில் இடம் பிடிக்க. நீயும் அப்படித்தான் ஓடி வருவாய். வந்ததும் பசிக்குது என்பாய்.

பாலம் அன்றைக்கே அங்கே இருந்திருந்தால், அவ்வளவு தூரம் நடந்து போய் ஏறி வந்திருப்பாயா, பாப்பு?