மாடி வீட்டைக் காலி செய்த விவரம்

மண்டி மொஹல்லா,
மைசூர்.
9-7-1999

அன்பு மகன் சுரேந்தருக்கு அம்மா சுந்தராம்பாள் எழுதுவது. சாமுண்டித் தாய் புண்ணியத்தில் நானும் அப்பாவும் இங்கே சுகம், மழைக்கு அப்பாவின் முழங்கால் மட்டும் முனகுகிறது. குவைத் வெயிலில் நீ எப்படி இருக்கிறாயோ, வேளைக்குச் சாப்பிடுகிறாயோ என்று கவலையாக இருந்தேன், உன் கடிதம் வந்ததும் அந்தக் கவலை தீர்ந்தது. பெற்ற தாயைப் பக்கம் பக்கமாக அதட்டி எழுதுகிற பிள்ளைக்கு உடம்பில் தெம்புக்குக் குறைவிருக்காது.

மாடியில் குடியிருக்கும் கிரணையும் சிவகுமாரையும் உடனே காலி செய்யச் சொல், ஆகஸ்டில் நான் வரும்போது பெண் வீட்டார் வருவார்கள், மானம் போய்விடும் என்று எழுதியிருக்கிறாய். டயர் கடை கிருஷ்ணராஜ் உனக்குப் போன் போட்டு வத்தி வைத்துவிட்டார் என்று புரிந்துகொண்டேன். அவர் விட்டுவிட்டதை நான் சொல்கிறேன் கேள். கார்கில் சண்டை தொடங்கியதிலிருந்து நம் தெருவுக்கு அவர்தான் தளபதி, பால்காரன் வருவதற்கு முன்பே ஸ்பீக்கர் அலற ஆரம்பித்துவிடும், அப்பா காதில் பஞ்சோடுதான் பல் தேய்க்கிறார். போன மாதம் ரத்த தான முகாம் வைத்து, நாட்டுக்காக உயிரையும் கொடுப்போம் என்று மைக்கில் முழங்கினார், முழங்கிவிட்டு வந்து படுத்தவர் ஊசியைப் பார்த்ததும் நர்ஸ் மேலேயே மயங்கிச் சாய்ந்தார். சோடா தெளித்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பினார்கள். அந்தக் கட்டிலில் அடுத்துப் படுத்து ரத்தம் கொடுத்தவன் சிவகுமார், இதைப் போனில் சொன்னாரா?

அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாடியில் சிவகுமார் கிரணுக்குத் தலையில் எண்ணெய் வைத்துத் தேய்த்துவிட்டதை எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து இவர் பார்த்திருக்கிறார். எல்லையைக் காக்க வேண்டிய கண்ணுக்கு இதுதான் வேலை. நாலு பேரைக் கூட்டிக்கொண்டு வந்து, "நோடி, இங்க பாருங்க சுந்தராம்மா, அங்க நம்ம பசங்க செத்துக்கிட்டு இருக்காங்க, இங்க உங்க மாடில ரெண்டு ஆம்பளைங்க குடும்பம் நடத்தறாங்க, நாளைக்கே காலி பண்ணச் சொல்லுங்க" என்றார். அவர்கள் குடும்பம்தான் நடத்துகிறார்கள் என்பது எனக்கு ஒரு வருஷமாகத் தெரியும். நான் அவரை முழுசாகப் பேசவிட்டேன். கிரணுக்கு வடக்கே ஏதோ கம்பெனியில் வேலை என்றுதான் தெருவில் எல்லோரும் நினைத்திருந்தார்கள், அவனும் தன் வேலையைப் பற்றிப் பீற்றிக்கொள்கிற ரகம் இல்லை. அவன் ராணுவத்தில் இருக்கிறான், லீவை ரத்து செய்து இன்று காலைதான் தந்தி வந்தது, நாளைக்கு ரயில் ஏறுகிறான், நீங்கள் சொல்லாமலே பாதி வீடு காலியாகிவிடும் என்றேன். கிருஷ்ணராஜ் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

மறுநாள் அதே கிருஷ்ணராஜ் மேளத்தோடும் ஆளுயர மாலையோடும் நம் வாசலுக்கு வந்தார். கிரணைத் தோளில் தூக்காத குறை, எங்கள் தெரு சிங்கம் என்று ஸ்பீக்கரில் ஒரே கூச்சல். சிவகுமார் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூலியாள் மாதிரி ஓரமாக நின்றான், அவன் முகம் செத்துப்போயிருந்தது. ஆரத்தித் தட்டை என் கையில் கொடுத்தார்கள். எனக்கு ஆத்திரம் வந்துவிட்டது சுரேந்தர், பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இங்கே வாடா என்று சிவகுமார் கையைப் பிடித்து இழுத்துக் கிரண் பக்கத்தில் நிறுத்தி, ஜோடிக்குச் சுற்றுவதுபோல் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சுற்றிப் பொட்டு வைத்தேன். மேளக்காரர்களுக்குக்கூட அடிக்க மறந்துவிட்டது. கிரண் குனிந்து என் காலைத் தொட்டான்.

சிங்கம் ரயில் ஏறி ஒரு வாரம்கூட ஆகவில்லை, கிருஷ்ணராஜ் திரும்பவும் வந்தார். வீரர் போய்விட்டார், இந்த இன்னொருத்தனை அனுப்பிவிடலாம் இல்லையா என்றார். நான் கதவைச் சாத்திய பிறகுதான் உனக்குப் போன் போட்டிருக்கிறார். நீயும் படித்தவன் மாதிரி, யுத்த நேரத்தில் இவர்களுக்கு உரிமை ஒரு கேடா என்று எழுதுகிறாய். கல்கத்தாவில் போன வாரம் இவர்களைப் போன்ற பத்துப் பதினைந்து பேர் உரிமை வேண்டும் என்று தெருவில் நடந்தார்களாம், அவர்கள் நடந்ததால் மலை மேல் எந்தத் துப்பாக்கிக்குக் குண்டு குறைந்துபோயிற்று? தொண்ணூறில் நீ அங்கே சண்டையில் மாட்டிக்கொண்டபோது நான் தபால்காரரை வழிமறித்தேன், ஆபீஸ் ஆபீஸாக ஏறி அழுதேன், அம்மா என்ற ஒரு சொல் போதும், எல்லோரும் நாற்காலி போட்டார்கள். சிவகுமார் போய் என்ன சொல்வான்? கிரணுக்கு ஒன்று ஆனால் தந்தி அவன் சொந்த ஊரான கௌதள்ளியில் அம்மாவுக்குப் போகும், அது நியாயம். இவனுக்குச் சொல்ல வேண்டும் என்று எவருக்கும் தோன்றாது. இவனாகத் தெரிந்துகொண்டாலும் வாய்விட்டு அழ முடியாது, கூட இருந்தவன் இவ்வளவு அழுவானேன் என்று தெரு கேட்கும். அழுவதற்கே உரிமை கேட்க வேண்டியிருக்கிறதடா அவனுக்கு, அதைத்தான் நீ சண்டை முடியட்டும் என்கிறாய்.

சிவகுமார் அச்சாபீஸிலிருந்து வந்ததும் நம் வீட்டில்தான் செய்தி பார்க்கிறான், சோறு இறங்குவதில்லை. அப்பா செய்தி நேரத்தில் காதுப் பஞ்சை எடுத்துவிட்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துகொள்கிறார். போன் உன் அறையில் இருக்கிறது, மணி அடித்தால் மாடியிலிருந்து அவன் ஓடிவருவதற்குள் நின்றுவிடுகிறது. அதனால் அவனை உன் அறைக்கே மாற்றிவிட்டேன், உன் கட்டிலில்தான் படுக்கிறான். மாடி வீட்டைக் காலி செய்யச் சொன்னாய், காலி செய்துவிட்டேன். ஆகஸ்டில் வரும்போது நீ மாடியில் படுத்துக்கொள். பெண் வீட்டார் யார் இந்தப் பையன் என்று கேட்டால், இவனுடையவன் சண்டைக்குப் போயிருக்கிறான், இவன் காத்திருக்கிறான் என்று சொல்வேன். எழுந்து போகிறவர்கள் காபியைக் குடித்துவிட்டுப் போகட்டும்.

எண்ணெய்ப் பண்டம் அதிகம் தின்னாதே, வெயிலில் தலையை மூடிக்கொள். நீ நோய் நொடி இல்லாமல் நூறு வருஷம் வாழ வேண்டும், உன் கோபம் ஆற வேண்டும், இரண்டுக்கும் தாயை வேண்டிக்கொள்கிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, ராத்திரி ஏழிலிருந்து ஒன்பதுவரை இந்த வீட்டுக்கு நீ போன் செய்யக் கூடாது. அப்போதுதான் கிரணுக்கு லைன் கிடைக்கும்.

ஆசிகளுடன்,
உன் அம்மா
வே. சுந்தராம்பாள்